வசதியா எழுதுறதா, வேகமா எழுதுறதா? ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். பாதி கல்லூரிப் பிள்ளைகள், மீதி வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்கள். வார நாட்களில் என் பிழைப்பு, எம்.சி. ரோடு துணிக்கடை, மண்ணடி இரும்புக்கடை, காசிமேடு மீன் ஏஜென்ட் என்று சுற்றுவட்டாரத்துக்கு பில்லிங், ஸ்டாக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது. கம்ப்யூட்டர் கோடு எழுதச் சுலபமாக இருக்க வேண்டுமா, ஓடும்போது வேகமாக இருக்க வேண்டுமா என்ற ஒரே சந்தேகம் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, "வசதி வசதி"ன்றீங்களே, யாருக்கு வசதி?

எழுதுகிறவருக்கு. பைத்தான் மொழியில் ஒரு பைலைத் திறந்து வரி வரியாகப் படிக்க இரண்டு வரி போதும். அதையே சி மொழியில் எழுதினால் எவ்வளவு மெமரி ஒதுக்குவது, வரி அதைவிட நீளமாக வந்தால் என்ன செய்வது, எப்போது திருப்பி விடுவது என்று எல்லாமே நம் தலையில் விழும். அந்தச் சுமையை மொழியோ, பிறர் எழுதி வைத்த லைப்ரரியோ வாங்கிக்கொண்டால் அது வசதி. வேகம் யாருக்கு என்றால் பயன்படுத்துகிறவருக்கு: கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும், அவர் எதிரே பையோடு நிற்பவருக்கும்.

அதனால் நான் எப்போதும் கேட்டுக்கொள்வது, யாருடைய நேரம் செலவாகிறது என்பதைத்தான். எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம் என்று சுலபமான வழியில் எழுதினேன், அதனால் ஒரு பில்லுக்கு 2 நொடி கூடியது என்று வையுங்கள். நாளைக்கு 600 பில் போடும் கடையில் அது 20 நிமிடம். மூன்றாம் நாளே என் ஒரு மணி நேரம் கழிந்துவிட்டது. நான்காம் நாளிலிருந்து நஷ்டம் முழுக்கக் கடைக்காரருடையது, அதுவும் அவருக்கே தெரியாமல்.

இதைத் திருப்பியும் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஓடும் ரிப்போர்ட் 40 நொடி எடுத்தால் எடுக்கட்டும். அதை 4 நொடியாக்க நான் இரண்டு நாள் உட்கார்ந்தால் அந்தக் கூலியையும் அவர்தான் கொடுக்க வேண்டும்.

பைத்தான் ஸ்லோவாமே? நேரா சி பிளஸ் பிளஸ் போயிட்டா பிரச்னை முடிஞ்சிடும்ல?

ஸ்லோதான், ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. எண்களை மட்டும் திரும்பத் திரும்பக் கூட்டிக் கழிக்கும் ஒரு லூப்பை இரண்டிலும் எழுதி ஓட்டினால் பல பத்து மடங்கு வித்தியாசம் சாதாரணமாக வரும். சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு முழு எண் 4 அல்லது 8 பைட். வழக்கமான 64 பிட் பைத்தானில் ஒரு சின்ன முழு எண்ணே 28 பைட் பிடிக்கும், ஏனென்றால் அது "நான் என்ன வகை, என்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள்" என்ற விவரங்களையும் கூடவே சுமக்கிறது. ஒவ்வொரு கூட்டலிலும் அந்த விவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. 2022-இல் வந்த 3.11 பதிப்பு முந்தையதைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகம் என்றார்கள். நல்லதுதான், ஆனால் இந்த இடைவெளியை அது மூடவில்லை.

இப்போது ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் தன் நேரத்தை எதில் கழிக்கிறது என்று பாருங்கள். கூட்டலிலா? டிஸ்க், நெட்வொர்க், பிரிண்டர் என்று எதற்காவது காத்துக்கொண்டிருக்கும். மெமரியிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோசெகண்ட். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு மூலையிலிருந்து எடுக்க சுமார் 10 மில்லிசெகண்ட், அதாவது லட்சம் மடங்கு. மெமரிக்கு ஒரு நொடி என்று வைத்தால் டிஸ்குக்கு ஒரு நாளைக்கு மேல். கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கும்போது புல்லட்டும் சைக்கிளும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். சி பிளஸ் பிளஸ் வேகமாக ஓடிவந்து அதே கேட்டில் நிற்கும்.

நிஜமாகவே எண் வேலைதான் என்றால், 10 லட்சம் எண்களைப் பெருக்கிக் கூட்ட வேண்டும் என்றால், நம்பை என்ற லைப்ரரி இருக்கிறது. எழுதுவது பைத்தானில், உள்ளே லூப் ஓடுவது சி-யில். ஒரு எண்ணுக்கு 8 பைட்தான். இதில் வசதியும் வேகமும் ஒன்றாகவே கிடைக்கின்றன.

எவ்ளோ வேகம் இருந்தா போதும்னு எப்படித் தெரியும்?

ஆளைப் பொறுத்தது, ஆனால் ஒரு பழைய அளவுகோல் இன்னும் உதவுகிறது. பயன்பாட்டு வடிவமைப்பு ஆய்வாளர் ஜேகப் நீல்சன் 1993-இல் மூன்று எல்லைகளைச் சொன்னார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை சிந்தனை அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு எங்காவது போய்விடும். ஸ்கேனர் "பீப்" என்றதும் திரையில் பொருள் வருவது முதல் வகை. பில் அச்சுக்குப் போவது இரண்டாவது. மாத ரிப்போர்ட் மூன்றாவது, அதற்கு "இத்தனை சதவீதம் முடிந்தது" என்று காட்டினால் திட்டமாட்டார்கள்.

வேலை தொடங்கும் முன்பே கடைக்காரரோடு உட்கார்ந்து இந்த மூன்றில் எது எதில் விழும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு திரையையும் முதல் வகைக்குக் கொண்டுவர நினைத்தால் வேலை முடியாது.

என் லேப்டாப்ல சும்மா பறக்குது. கடையில போட்டா இழுக்குது. ஏன்?

உங்கள் லேப்டாப்பில் இருப்பது 20 பில். கடையில் இருப்பது இரண்டு வருட பில். 20-க்கு எந்த வழியில் எழுதினாலும் பறக்கும். நான் யாருக்கும் காட்டுவதற்கு முன்பு 5 லட்சம் போலி பில்லை உருவாக்கி உள்ளே தள்ளிவிடுவேன். அரை மணி நேர வேலை, பாதிப் பிரச்னை வீட்டிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் கம்ப்யூட்டர். முதலாளியின் பையன் படிப்பு முடித்துக் கழித்துவிட்ட 4 ஜிபி பெட்டிதான் பெரும்பாலும் கல்லாவுக்கு வரும். அதில் ஆண்டிவைரஸ், பதினைந்து டேபோடு குரோம், ஓரத்தில் வாட்ஸப். நம் சாஃப்ட்வேருக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

மூன்றாவது, தூரம். சர்வர் மும்பையில் இருந்தால் நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 10 மில்லிசெகண்ட் என்பது இயற்கையே வைத்த குறைந்தபட்சம். நடைமுறையில் வளைந்து போகும், இடையில் பல இடத்தில் நிற்கும், அதனால் அதைவிடக் கூடும். எந்த மொழியில் எழுதினாலும் இதற்குக் கீழே போக முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: எத்தனை தடவை போய்வருகிறோம் என்பதைக் குறைப்பது.

எங்க ஸ்லோன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாத்தாலே தெரிஞ்சிடுமா?

தெரியாது. எனக்கும் தெரியாது. யூகித்தால் பெரும்பாலும் தப்பு. பைத்தானோடு சி-புரொஃபைல் என்ற கருவி இலவசமாகவே வருகிறது. எந்த ஃபங்ஷன் (கோடின் ஒரு தனித் துண்டு) எத்தனை தடவை கூப்பிடப்பட்டது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் போனது என்று பட்டியல் போடும். நேரத்தைவிட "எத்தனை தடவை" என்ற எண்ணை முதலில் பாருங்கள். 40 தடவை என்று நீங்கள் நினைத்த ஒன்று 40,000 தடவை கூப்பிடப்பட்டிருக்கும்.

அளக்காமல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் எழுப்பிய வாதம் போதும். மொத்த நேரத்தில் 5 சதவீதம் பிடிக்கும் பகுதியை நேரமே எடுக்காத அளவுக்கு மாற்றினாலும் உங்களுக்கு மிச்சம் அந்த 5 சதவீதம்தான்.

எக்செல் பைலை ஏத்துறதுக்கு ஆறேழு நிமிஷம் ஆவுது. கோடுல ஒண்ணுமே இல்லியே?

இது நானே செய்த தப்பு, அதனால் விரிவாகச் சொல்கிறேன். தீபாவளிக்கு முன்பு ஒரு துணிக்கடை. 24,000 பொருளின் விலைப்பட்டியலை இரவோடு இரவாக மாற்ற வேண்டும். டேட்டாபேஸ் எஸ்.க்யூ.லைட். எக்செல்லில் ஒரு வரியைப் படி, டேட்டாபேஸில் ஒரு வரியைப் போடு, அடுத்தது. பார்க்க எவ்வளவு சுத்தம்! ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரும் நிற்கிறார்கள், கல்லாவில் இருந்த அம்மா மூன்று தடவை "ஆச்சா?" என்று கேட்டுவிட்டார், திரையில் எண் நொடிக்கு அறுபதாக ஊர்ந்துகொண்டிருந்தது.

அந்த அறுபதுதான் துப்பு. எஸ்.க்யூ.லைட்டில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு வரியும் தனி டிரான்சாக்ஷன். "எழுதியாகிவிட்டது" என்று டிஸ்க் உறுதி சொல்லும்வரை அது நகராது. அந்த டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120. ஒரு டிரான்சாக்ஷனுக்கு இரண்டு முழுச் சுற்று காத்திருக்க வேண்டியிருப்பதால் நொடிக்கு 60. 24,000-ஐ 60-ஆல் வகுத்தால் 400 நொடி. கணக்கு அப்படியே சரியாக வந்ததைப் பார்த்து எனக்குக் கோபத்துக்குப் பதில் சிரிப்புதான் வந்தது.

தீர்வு இரண்டு வரி: லூப்புக்கு மேலே "பிகின்", கீழே "கமிட்". இடையில் வருவது எல்லாம் ஒரே டிரான்சாக்ஷன் ஆகிவிடும். எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் செய்தது, ஒவ்வொரு டிரெய்லரிலும் ஒரே ஒரு அட்டைப்பெட்டியை ஏற்றி 24,000 தடவை அனுப்பியது. எல்லாவற்றையும் ஒரே டிரெய்லரில் ஏற்றியதும் இரண்டு நொடியில் முடிந்தது. சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே நொடிக்கு 50,000 வரிக்கு மேல் எஸ்.க்யூ.லைட் வாங்கிக்கொள்ளும். பாதியில் ஏதாவது தவறினால் மொத்தமும் பழையபடி ஆகிவிடும் என்பது கூடுதல் நன்மை. இணையத்தில் சிலர், டிஸ்க் உறுதி சொல்லும்வரை காத்திருக்க வைக்கும் "சிங்க்ரோனஸ்" அமைப்பை அணைத்துவிடு என்று யோசனை சொல்வார்கள். வேகமாகும்தான், ஆனால் எழுதும்போது கரண்ட் போனால் டேட்டாபேஸே கெட்டுப்போகலாம். கரண்ட் எப்போது போகும் என்று உத்தரவாதம் இல்லாத தெருவில் அதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, சுழலாத எஸ்.எஸ்.டி. டிஸ்க் போட்டால் இந்தத் தப்பு அவ்வளவாகத் தெரியாது. தப்பு அங்கேயேதான் இருக்கும்.

ஜாங்கோ ஓ.ஆர்.எம். இருக்கும்போது எஸ்.க்யூ.எல். எதுக்கு அக்கா கத்துக்கணும்?

ஜாங்கோ என்பது பைத்தானில் வெப்சைட் எழுத உதவும் கட்டமைப்பு, எஸ்.க்யூ.எல். என்பது டேட்டாபேஸிடம் பேசும் மொழி. ஓ.ஆர்.எம். என்பது டேட்டாபேஸ் வரிகளை மொழிக்குள் இருக்கும் பொருள்கள் மாதிரி காட்டும் ஏற்பாடு. எனக்கு ரொம்பப் பிடிக்கும். "பில்.வாடிக்கையாளர்.பெயர்" என்று புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். சிக்கல் அந்தப் புள்ளியில்தான். பார்க்க ஒரு புள்ளி, உள்ளே டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு முழு கேள்வி, அதாவது குவெரி. 200 பில்லைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயரைக் காட்டினால், பட்டியலுக்கு ஒரு குவெரி, பெயர்களுக்கு 200 குவெரி, ஆக 201. டேட்டாபேஸ் அதே கம்ப்யூட்டரில் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. மும்பையில் இருந்து, போய்வர 25 மில்லிசெகண்ட் என்று வையுங்கள்: 5 நொடி. முன்பு சொன்ன தூரம் இங்கே 201-ஆல் பெருகுகிறது.

ஜாங்கோவில் "செலக்ட் ரிலேட்டட்" என்று ஒரு சொல் சேர்த்தால் 201 ஒன்றாகிவிடும். அந்த ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று தெரிய, கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எஸ்.க்யூ.எல். படிப்பது அதற்குத்தான். தினமும் கையால் எழுதச் சொல்லவில்லை. ஓ.ஆர்.எம். எழுதிய குவெரியைத் திரையில் ஓடவிட்டு வாசிக்கத் தெரிந்தால் போதும்.

அப்போ எல்லா ஃபீல்டுக்கும் இண்டெக்ஸ் போட்டுட்டா வேகமாயிடும்ல?

தேடுவது வேகமாகும், எழுதுவது மெதுவாகும். 10 லட்சம் வரியை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குப் பதில், வரிசைப்படுத்திய இண்டெக்ஸில் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் 20 ஒப்பீட்டில் கிடைத்துவிடும். ஆனால் ஒவ்வொரு புது பில்லும் எல்லா இண்டெக்ஸிலும் தன் இடத்தைத் தேடி உட்கார வேண்டும். பத்து இண்டெக்ஸ் இருந்தால் பத்து இடம். எதை வைத்துத் தேடுகிறார்களோ அதற்கு மட்டும் போடுங்கள். கடைகளில் அது பெரும்பாலும் பொருள் கோடு, போன் நம்பர், தேதி, அவ்வளவுதான்.

சி பிளஸ் பிளஸ்ல எழுதினா தப்பு பண்ணாலும் வேகமாத்தானே ஓடும்?

சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டை விளையாடியவர்களுக்கு அது திறக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று தெரியும். 2021-இல் வெளியாள் ஒருவர் அதன் உள்ளே நோண்டிப் பார்த்தார். சுமார் 10 எம்பி அளவில் ஒரு பொருள் பட்டியல், 63,000 பொருள். ஒவ்வொரு சின்னத் துண்டைப் படிக்கும்போதும் மிச்சம் இருக்கும் உரையின் நீளத்தை முழுக்க மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது. அது போதாதென்று, ஒவ்வொரு புதுப் பொருளையும் "இது ஏற்கெனவே இருக்கிறதா?" என்று பட்டியலின் தலையிலிருந்து தேடியது. இரண்டையும் சரிசெய்ததும் திறக்கும் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. நிறுவனம் அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது.

இரண்டாவது தப்பை நீங்கள் எல்லோரும் பைத்தானிலும் செய்கிறீர்கள். மேலே சொன்ன அதே 24,000 பொருள்களில் இரட்டிப்பு இருக்கிறதா என்று லிஸ்டில் தேடினால் சராசரியாக ஒரு தடவைக்குப் பாதி லிஸ்ட், மொத்தம் ஏறத்தாழ 29 கோடி ஒப்பீடு. லிஸ்டுக்குப் பதில் செட் என்று மாற்றினால் 24,000 தேடல், ஒவ்வொன்றும் நேராகப் போய் இடத்தைத் தொடும். எழுத்தில் வித்தியாசம் ஒரு சொல். சுலபமான மொழியில் சரியான வடிவம், கடினமான மொழியில் தப்பான வடிவத்தைச் சாதாரணமாகத் தோற்கடிக்கும்.

தமிழ்ல பில் போட்டா பிரிண்டர் இழுக்குதே, இங்கிலீஷ்லயே விட்டுடலாமா?

விடாதீர்கள். முதலில் ஏன் இழுக்கிறது என்று பார்ப்போம். கடைகளில் இருக்கும் 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டரில் ஆங்கில எழுத்து உள்ளேயே பதிந்திருக்கும். ஒரு வரிக்கு 32 எழுத்து, 32 பைட் அனுப்பினால் வேலை முடிந்தது. தமிழ் எழுத்து பெரும்பாலானவற்றில் இல்லை, அதனால் வரியையே படமாக வரைந்து அனுப்ப வேண்டும். அகலம் 384 புள்ளி, அதாவது 48 பைட். உயரம் 30 புள்ளி என்றால் ஒரு வரிக்கு 1,440 பைட், 45 மடங்கு. புளூடூத் வழியாக அனுப்பும்போது அது காத்திருப்பாகத் தெரிகிறது.

நான் செய்தது: பொருளின் பெயரைப் படமாக ஒரே தடவை வரைந்து சேமித்துவிட்டேன். பில் போடும்போது எடுத்து ஒட்டுவது மட்டும்தான், வரைகிற நேரம் மிச்சம். அனுப்புகிற நேரம் அப்படியே இருக்கிறது, அதற்குப் பெயரின் பக்கத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தையும் கடையின் பெரிய லோகோவையும் குறைத்தேன். லோகோவை எடுக்க முதலாளியிடம் பேச்சுவார்த்தை நடத்தியதுதான் இதில் கடினமான பகுதி.

தமிழில் இன்னும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். "வண்ணாரப்பேட்டை" கண்ணுக்கு 8 எழுத்து, யூனிகோடில் 14 குறியீடு, யு.டி.எஃப்-8-இல் 42 பைட். நீளத்தை எதில் அளக்கிறீர்கள் என்று தெளிவாக இருங்கள், இல்லாவிட்டால் பெயரின் வால் அறுந்து கடைசி எழுத்தே சிதைந்துவிடும். இரண்டாவது, வேகம் என்று குறியீட்டு எண்ணை வைத்தே அகரவரிசைப்படுத்தினால் "ன" போய் "ப"வுக்கு முன்னால் உட்காரும். தமிழ் வரிசை தெரிந்த முறை கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் அதைத்தான் போட வேண்டும்.

கேச் போட்டா எல்லாமே சரியாயிடும்னு ஆபீஸ்ல சீனியர் சொல்றாரு.

போன பதிலில் சேமித்து வைத்த படமும் கேச்தான். அது நன்றாக வேலை செய்யக் காரணம், பொருளின் பெயர் வருடத்தில் ஓரிரு தடவைதான் மாறும். விலையைக் கேச் செய்து பாருங்கள்: காலையில் விலையை மாற்றுவார்கள், மதியம்வரை பழைய விலையில் பில் போகும். எப்போது தூக்கி எறிவது என்று ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிந்தால் கேச் போடுங்கள். முடியாவிட்டால், முதலில் அந்தக் குவெரியைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். 201 குவெரியை மறைக்கத்தான் பல இடத்தில் கேச் போடுகிறார்கள்.

ஃபுளோட் வேகம், டெசிமல் ஸ்லோன்றாங்க. காசுக்கு ஃபுளோட் போடலாமா?

கூடாது. ஃபுளோட் பின்ன எண்களைத் தோராயமாகத்தான் வைத்துக்கொள்ளும். 0.1-ஐயும் 0.2-ஐயும் அதில் கூட்டினால் 0.30000000000000004 வரும். ஜி.எஸ்.டி. போட்டு, தள்ளுபடி கழித்து, ரவுண்டு செய்யும்போது அது எங்காவது ஒரு பைசாவாக முளைக்கும். ஆடிட்டர் கண்டுபிடிப்பார். காசைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் சரி, வேகமும் சரி. தப்பான விடையை எவ்வளவு வேகமாகக் கொடுத்தாலும் அதற்கு யாரும் நன்றி சொல்லப்போவதில்லை.

"முதல்லயே ஆப்டிமைஸ் பண்ணாதே"ன்னு பெரியவங்களே சொல்லிருக்காங்களே. நீங்க இவ்ளோ பேசுறீங்க?

வேகத்துக்காகக் கோடைச் செதுக்குவதைத்தான் ஆப்டிமைஸ் என்கிறார்கள். அதைச் சொன்னவர் கணினி அறிஞர் டொனால்ட் நூத், 1974-இல். அவர் சொன்னதில் பாதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இடத்தில் சின்னச் சின்ன மிச்சத்தை மறந்துவிடு என்றார். முக்கியமான அந்த மூன்று சதவீதத்தை நழுவவிடாதே என்று உடனே சேர்த்தும் சொன்னார். லிஸ்டுக்குப் பதில் செட் போடுவது, லூப்புக்கு வெளியே கமிட் செய்வது எல்லாம் ஆப்டிமைஸ் கணக்கிலேயே வராது. சாப்பிடும் முன்பு கை கழுவுவது மாதிரி.

நான் முன்கூட்டியே யோசிப்பது, பிறகு மாற்ற முடியாதவற்றைத்தான். ஒரு ஃபங்ஷன் மெதுவாக இருந்தால் அடுத்த வாரம் மாற்றலாம். டேட்டாபேஸில் எதை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம், ஐந்து கிளைக் கடைகளும் சர்வரோடு என்ன பேசுகின்றன என்பதை இரண்டு வருடம் கழித்து மாற்றினால் தூக்கம் போய்விடும். அங்கே ஒரு நாள் கூடுதலாக உட்காருங்கள். மற்ற இடத்தில் எது சுலபமாகப் படிக்க வருகிறதோ அப்படியே எழுதுங்கள், பிறகு அளக்கலாம்.

திரெட் போட்டுப் பிரிச்சுட்டா நாலு மடங்கு வேகம் வருமா?

திரெட் என்பது ஒரே புரோகிராமுக்குள் பக்கத்துப் பக்கமாக ஓடும் வேலை. வழக்கமான பைத்தானில் கணக்கு வேலைக்கு அந்த வேகம் வராது. ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் பைத்தான் கோடை ஓட்ட முடியும் என்று ஜி.ஐ.எல். என்ற பூட்டு இருக்கிறது. அது இல்லாத பதிப்பைச் சோதனையாக 2024 அக்டோபரில் 3.13-இல் கொடுத்தார்கள். காத்திருக்கும் வேலைக்குத் திரெட் நன்றாக உதவும், ஏனென்றால் காத்திருக்கும்போது பூட்டை விட்டுவிடும். எஸ்.க்யூ.லைட்டில் எழுதுவதற்கு மட்டும் திரெட் போடாதீர்கள். அங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

பெரிய கம்பெனிங்க எல்லாம் ரஸ்டு, கோன்னு மாறுறாங்களே. நம்மளும் மாறணுமா?

யார், ஏன் மாறினார்கள் என்று பாருங்கள். டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப் 2020-இல் தன் சேவைகளில் ஒன்றை கோ மொழியிலிருந்து ரஸ்டு மொழிக்கு மாற்றியது. மெமரியைச் சுத்தம் செய்ய கோ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்ததும் பதில் தாமதமானதுதான் காரணம். அதை அவர்கள் அளந்து பார்த்திருந்தார்கள். டைப்ஸ்கிரிப்ட் மொழியின் கம்பைலரை கோ-வுக்கு மாற்றுவதாக மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் அறிவித்தது, ஏறத்தாழ 10 மடங்கு வேகம் என்று. பேஸ்புக்கோ பி.எச்.பி. மொழியைத் தூக்கிப் போடாமல், அதை சி பிளஸ் பிளஸ்ஸாக மாற்றும் கருவியை எழுதி 2010-இல் வெளியிட்டது. எழுதுகிறவர்களுக்கு வசதி அப்படியே இருந்தது, வேகத்துக்குத் தனியாக ஒரு குழு மெனக்கெட்டது.

மூவருமே முதலில் வசதியான மொழியில் எழுதி, வளர்ந்து, எங்கே வலிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த இடத்தில் கைவைத்தார்கள். நாளைக்கு 600 பில் என்பது அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ரஸ்டு கற்றுக்கொள்ளுங்கள், நல்ல மொழி. துணிக்கடையை அதற்குப் பரிசோதனை எலி ஆக்காதீர்கள்.

ஏ.ஐ. எழுதிக் குடுத்த கோடு வேகமா இருக்குமா?

சில சமயம் இருக்கும். உங்கள் கடையில் எத்தனை பில், டிஸ்க் எது, சர்வர் எங்கே என்று அதற்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் படிக்க அழகான கோடு வரும், அதற்குள் 201 குவெரி இருக்கலாம். 5 லட்சம் போலி பில் சோதனை அதற்கும் உண்டு, எனக்கும் உண்டு.

எல்லாம் அளந்துட்டேன், 80 மில்லிசெகண்ட்தான். அப்பவும் "ஸ்லோவா இருக்கு"ன்றாரு. என்ன பண்றது?

அவர் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நில்லுங்கள். காசிமேட்டில் ஒரு ஏஜென்ட் இதே புகாரைச் சொன்னார். அளந்தால் எண் நன்றாக இருந்தது. ஒருநாள் விடியற்காலை ஏலத்துக்கே போனேன். கூடை கூடையாக விலை ஏறிக்கொண்டிருக்கிறது, சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை, ஈர விரலால் டேப்லெட்டில் "சேர்" பட்டனை அழுத்துகிறார். அழுத்தியது பதிந்ததா இல்லையா என்று திரையில் ஒரு அடையாளமும் இல்லை. மறுபடி அழுத்துகிறார். வஞ்சிரம் இரண்டு தடவை ஏறிவிடுகிறது, அதை அழிக்க வேண்டும். அவர் "ஸ்லோ" என்று சொன்னது அந்த அழிக்கும் நேரத்தை.

விரல் பட்டதும் பட்டன் பச்சையாக மாறி ஒரு அதிர்வு கொடுக்கும்படி செய்தேன், ஒரு நொடிக்குள் அதே விலை அதே எடை வந்தால் "மறுபடியுமா?" என்று கேட்கும்படியும் வைத்தேன். உள்ளே வேலை கூடியதால் 80 மில்லிசெகண்ட் 90 ஆனது. அடுத்த வாரம் போனபோது "இப்போ நல்லா ஸ்பீடா இருக்கும்மா" என்றார். எழுத்துதான் சின்னதாக இருக்கிறதாம், அதைப் பெரிசாக்கித் தரச் சொல்லியிருக்கிறார்.